வெள்ளைத் துணியில் விழுந்த பச்சை

அமெரிக்காவில் தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதி வைத்திருக்கும் பெருநெடுஞ்சாலை ஒன்று உண்டு. அரிசோனா மாநிலத்தின் டூசானில் தொடங்கி, மெக்சிகோ எல்லையில் இருக்கும் நொகாலெஸ் வரை போகும் ஐ-19. மொத்த நீளம் 102 கிலோமீட்டர். தூரம் கிலோமீட்டரில், வேக வரம்பு மட்டும் மைலில்! இந்தக் கூத்தை ரசித்துக்கொண்டே என் சித்தி மகன் காரை ஓட்டினான். டூசானில் லென்ஸ், கண்ணாடி செய்யும் நிறுவனம் ஒன்றில் அவனுக்கு வேலை. வண்டு பார்க்க அரிசோனா வருகிறேன் என்று போனில் சொன்னபோது, "வண்டுக்காகவா இவ்வளவு தூரம் வர்றீங்க? எங்க வீட்டுக் குப்பைக்குழியிலேயே நிறைய இருக்குண்ணா" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

வெயில் காலத்தில் டூசான் ஓர் அடுப்பு. ஜூனில் பல நாள் பகல் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஜூன் 24, புனித யோவான் திருநாள் வந்தால் மழை வந்துவிடும் என்று அந்த ஊர்ப் பழைய மெக்சிகோ குடும்பங்கள் சொல்வார்களாம். வானிலைக்காரர்கள் வேறு கணக்கு வைத்திருந்தார்கள்: காற்றின் பனிநிலை வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் சராசரியாக 54 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பருவமழை தொடங்கியதாக அர்த்தம். 2008-இல் அதையும் விட்டுவிட்டு, ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மழைக்காலம் என்று நாள் குறித்துவிட்டார்கள். வண்டுகள் இந்த அறிவிப்பையெல்லாம் பார்ப்பதில்லை. முதல் நல்ல மழை மண்ணில் இறங்கியதும் மக்கிய மரக்கட்டைகளுக்குள்ளிருந்து கிளம்பிவிடுகின்றன.

சாலையின் மேற்கே தாமிரச் சுரங்கக் கழிவுகளைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி, அதன் தலையைத் தட்டையாகச் சீவி விட்டிருக்கிறார்கள். கிழக்கே கண்ணுக்கு எட்டிய தூரம் பீகன் தோப்பு. பாலைவனத்தில் வாய்க்கால் கட்டி வளர்த்த கொட்டை மரங்கள். கிரீன் வேலி என்ற ஊரில் சாலையை விட்டுப் பிரிந்து கிழக்கே திரும்பினால் நேர் எதிரே சாண்டா ரீட்டா மலைத்தொடர். அதன் உச்சி மவுண்ட் ரைட்ஸன், 2,880 மீட்டர். மடியில் இருப்பது மடேரா பள்ளத்தாக்கு.

இந்தப் பக்கத்து மலைகளை 'வானத் தீவுகள்' என்கிறார்கள். வடக்கே ராக்கி மலை முடிகிற இடத்துக்கும் தெற்கே மெக்சிகோவின் சியரா மாத்ரே தொடங்குகிற இடத்துக்கும் நடுவில், பாலைவனத்துக்குள் அங்கங்கே தனித்தனியாக நிற்கும் மலைகள். கீழே கள்ளியும் முட்புதரும். ஏற ஏறப் புல்வெளி, பிறகு ஓக், ஜூனிபர், உச்சியில் பைன். ஒரு மணி நேரக் கார் பயணத்தில் மெக்சிகோவிலிருந்து கனடா போய் வந்த மாதிரி என்று சுற்றுலாக்காரர்கள் அளப்பார்கள். கனடாவை விட்டுவிடலாம், மெக்சிகோ என்பது உண்மை. வெப்பமண்டலத்துப் பறவையும் பூச்சியும் வடக்கே வந்து நிற்கிற கடைசிப் படி இது.

நான் தேடிவந்த கிரைசினா என்ற பேரினமும் அப்படித்தான். ஸ்காரப் குடும்பத்தைச் சேர்ந்த வண்டுகள். நூறுக்கு மேற்பட்ட இனங்கள். மெக்சிகோ, ஹோண்டுராஸ், கோஸ்டா ரிகா என்று மேகம் தங்கும் காடுகளில் பெருகி, தெற்கே ஈக்வடார் வரை போகின்றன. தங்க முலாம் பூசியது, வெள்ளி வார்த்தது என்று நம்பமுடியாத நிறங்களில் இருக்கின்றன. எல்லையைத் தாண்டி அமெரிக்காவுக்குள் வாழ்பவை நான்கே நான்கு: குளோரியோசா, பேயரி, லெகாண்டீ, வூடீ. நான்கும் பச்சை. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை என்ற ஒன்றைத் தவிர எதுவும் தெரியாது. இந்த நான்கையும் எப்படிப் பிரித்து அறிகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதலில் குப்பைக்குழி. தம்பி வீட்டுக் கொல்லையில் காய்கறிக் கழிவு மக்கும் தொட்டியைக் கிளறினால் கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள். நம் ஊர் எருக்குழியில் காண்டாமிருக வண்டின் புழுவைப் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். அதே வளைந்த உடம்பு, அதே பழுப்புத் தலை. ஆனால் இதைத் தரையில் விட்டால் மல்லாக்கப் புரண்டு, கால்கள் வானத்தைப் பார்க்க, முதுகால் நகர்ந்து போகிறது. அத்திப்பழ வண்டின் புழு இது. ஆகஸ்டில் இதுவே பச்சை வண்டாகி, சப்பாத்திக் கள்ளிப் பழத்தைச் சுற்றி ரீங்காரமிட்டுக்கொண்டு பட்டப்பகலில் பறக்கும். டூசானில் பச்சை வண்டு என்றால் பெரும்பாலோர் நினைப்பது இதைத்தான். மேல்பக்கம் பளபளப்பில்லாத வெல்வெட் பச்சை, ஓரத்தில் பழுப்புக் கரை. பறக்கும்போது பார்த்தால் இன்னும் தெளிவு: மற்ற வண்டுகள் மேலோட்டை அகலத் திறந்து அடியிலிருக்கும் மெல்லிய சிறகை விரிக்கும். இது மேலோட்டை மூடியபடியே, பக்கவாட்டு இடுக்கு வழியாகச் சிறகை நீட்டிப் பறக்கிறது. கிரைசினாவுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"அப்ப நம்ம ஊர் பொன்வண்டு?" என்றான் தம்பி. அவன் பள்ளிக்கூட நாளில் தீப்பெட்டிக்குள் வேல இலை போட்டுப் பொன்வண்டு வளர்த்த ஆள். அதுவும் பச்சை, அதுவும் மினுக்கும். ஆனால் பொன்வண்டு ஸ்காரப் இல்லை, வேறு குடும்பம். சந்தேகம் வந்தால் முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கொம்பைப் பார்த்தால் போதும். பொன்வண்டுக்கு அது மெல்லிய ரம்பமாக இருக்கும். ஸ்காரப் எதுவானாலும், சாணி உருட்டுகிற வண்டிலிருந்து தென்னங்குருத்தைத் துளைக்கிற வண்டு வரை, கொம்பின் நுனியில் சில தகடுகள் அடுக்கியிருக்கும். சும்மா இருக்கும்போது ஒட்டிக்கொண்டு சின்ன உருண்டையாகத் தெரியும். மணம் பிடிக்க வேண்டும் என்றால் தகடுகளை விரிக்கும். இன்னொன்று முன்னங்கால். அதன் வெளி ஓரத்தில் பற்கள் இருக்கும், மண்ணையும் மக்கிய மரத்தையும் தோண்டுவதற்கு.

மடேரா பள்ளத்தாக்கு பறவை பார்ப்பவர்களுக்குப் பெயர்போன இடம். பகலெல்லாம் கழுத்தில் பைனாகுலரோடு பெரியவர்கள் நடமாடுவார்கள். அவர்கள் சாப்பிட்டுப் படுக்கப் போகிற நேரத்தில் பூச்சிக்காரர்கள் கிளம்புவார்கள். தங்குமிடத்துக்கு மேலே, ஓடைக்கரையில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருந்தார். முன்னால் ஒரு பாதரச ஆவி விளக்கு, பக்கத்தில் ஒரு புற ஊதா விளக்கு. ஜெனரேட்டரைச் சத்தம் கேட்காத தூரத்தில் வைத்திருந்தார். நெற்றியில் சிவப்பு விளக்கு. கோடை தவறாமல் இங்கே வருகிறாராம். நாங்கள் நிற்கலாமா என்று கேட்டதற்கு, "நில்லுங்கள். ஆனால் கீழே பார்த்துக் கால் வையுங்கள், பாதி விருந்தாளிகள் தரையில்தான் இருப்பார்கள்" என்றார்.

விளக்கின் மலைப்பக்கத்தில் ஒரு தகரத்தை மறைப்பாக வைத்திருந்தார். கேட்டபோது மேலே கையைக் காட்டினார். எதிர்ச் சிகரம் மவுண்ட் ஹாப்கின்ஸ். அதன் உச்சியில் ஆறரை மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியோடு ஒரு தொலைநோக்கி இருக்கிறது. தம்பிக்கு இதில் தொழில் பெருமை: அந்தக் கண்ணாடியை வார்த்த இடம் டூசானில் அரிசோனா பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் இருக்கைகளுக்கு அடியில் இருக்கும் பட்டறை. வானியல்காரர்களுக்காக இந்த ஊர் 1972-லேயே தெருவிளக்குகளுக்குச் சட்டம் போட்டுவிட்டது. ஊர் இருட்டாக இருப்பதால் துணிக்கு வண்டு நிறைய வருகிறது. ஆசிரியையின் விளக்கு ஒன்றும் தொலைநோக்கியைக் கெடுத்துவிடாது, ஆனாலும் அவர் மறைப்பு வைக்கிறார். எனக்கு அது பிடித்திருந்தது.

நிலா இல்லாத இரவு. தெற்கே மெக்சிகோ பக்கம் மின்னல் வெட்டிக்கொண்டே இருந்தது. முதலில் விட்டில்களும் அந்துப்பூச்சிகளும் துணியை மொய்த்தன. பிறகு சடசடவென்று பழுப்பு வண்டுகள். அதில் ஒன்று, உடம்பில் வெள்ளைக் கோடுகளோடு, பிடித்ததும் புஸ்ஸென்று சீறியது. பத்துக்கோடு வண்டு என்று அழைக்கிறார்கள். ஆணின் உணர்கொம்புத் தகடுகள் அவ்வளவு பெரியவை. விரித்தால் தலையை விட அகலம். அதற்குப் பிறகு வந்தது ஓர் ஆண் ஹெர்குலிஸ் வண்டு. சாம்பல் வெள்ளை மேலோட்டில் கறுப்புப் புள்ளிகள், முன்னால் நீண்ட கொம்பு. காற்றின் ஈரம் ஏறினால் இதன் வெளிர்நிறம் கறுத்துப்போகும், காய்ந்தால் மறுபடி வெளுக்கும். மேலோட்டின் உள்ளே இருக்கும் பஞ்சு மாதிரியான அடுக்கு தண்ணீரை உறிஞ்சுவதால் வருகிற மாற்றம் இது. அத்தனை பேரும் ஹெர்குலிஸைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, துணியின் மேல் ஓரத்தில் கனமாக ஏதோ மோதி, கீழே விழுந்து, என் செருப்புக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது.

"குளோரியோசா," என்றார் ஆசிரியை, திரும்பிப் பார்க்காமலே. விழுந்த சத்தத்தை வைத்துச் சொன்னாராம்!

உள்ளங்கையில் எடுத்துக்கொண்டேன். ஒரு அங்குலம் இருக்கும். இளந்தளிர்ப் பச்சை, அதன் மேல் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை வெள்ளிக் கோடுகள். பூசிய வெள்ளி இல்லை. விளக்கைத் திருப்பினால் கோட்டுக்குள் விளக்கே தெரிகிறது. கோடுகளின் ஓரத்தில் நுண்ணிய புள்ளிக்குழிகள் வரிசையாகப் போகின்றன. கால்களும் பச்சை. நகர ஆரம்பித்ததும் விரலைக் கவ்வியது; வலித்தது. லென்ஸ் வைத்துக் காலின் நுனியைப் பார்த்தால் காரணம் புரிந்தது. ஒவ்வொரு பாதத்திலும் இரண்டு நகங்கள், ஆனால் இரண்டும் ஒரே அளவில்லை. ஒன்று பெரியது, தடித்தது, மற்றது சின்னது. இரண்டும் தனித்தனியாக மடங்குகின்றன. பெரிய நகத்தால் இலையை உள்பக்கமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டு தின்ன இந்த ஏற்பாடு. கிரைசினா சேர்ந்திருக்கும் துணைக்குடும்பத்துக்கே இது முத்திரை. பத்துக்கோடு வண்டை எடுத்துப் பார்த்தேன். அதன் நகங்கள் இரண்டும் சமம். நிறம், கோடு, பளபளப்பு இவற்றையெல்லாம் மறந்துவிட்டு, நகத்தை மட்டும் வைத்துக் குடும்பத்தின் கிளையைச் சொல்லிவிடலாம்.

அடுத்து வந்தது இன்னும் பெரிய பச்சை. கோடே இல்லை, துடைத்து வைத்த பச்சை ஆப்பிளின் நிறம். எனக்கு இதுவே குளோரியோசாவின் கோடழிந்த வகையாக இருக்கலாம் என்று தோன்றியது. ஆசிரியை அதை மெல்லப் புரட்டி, "முதுகைப் பார்த்தால் இந்தப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கால்களைப் பாருங்கள்" என்றார். தொடையிலிருந்து நகம் வரை ஆறு கால்களும் ஊதா. கத்தரிப்பூ ஊதா. பச்சை உடம்பில் அந்தக் கால்கள் வேறெதிலிருந்தோ கழற்றி மாட்டியவை போலத் தெரிந்தன. பேயரி. 1905-இல் பெயர் வைக்கப்பட்டது.

மூன்றாவது லெகாண்டீ. முந்தைய இரண்டையும் விடச் சிறியது. முதுகு மங்கலான பச்சை. கீழே கிடந்தால் யாரும் குனிந்து எடுக்கமாட்டார்கள். புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கச் செம்பு, பழைய குத்துவிளக்கின் அடித்தட்டில் தெரிகிற அதே நிறம். மேலிருந்து பார்க்கிற ஆளுக்கு இந்த வண்டின் பாதி அழகு கிடைக்காது. இதன் பெயரில் இருப்பவர் ஜான் லாரன்ஸ் லெகாண்ட். 1854-இல் குளோரியோசாவை முதலில் விவரித்து எழுதியவரும் அவரே. படித்தது மருத்துவம், வாழ்ந்தது வண்டுகளோடு. அவருக்கு மரியாதையாக 1882-இல் இந்தச் சின்ன வண்டுக்குப் பெயர் வைத்தவர் ஜார்ஜ் ஹார்ன். அவரும் டாக்டர். அந்தக் காலத்து பிலடெல்பியா நோயாளிகள் பொறுமைசாலிகளாக இருந்திருக்க வேண்டும்.

ஆசிரியை ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். ஒவ்வொரு வண்டுக்கும் நேரம், எண்ணிக்கை, அதோடு கூட ஒரு கட்டத்தில் சுற்றியிருக்கும் மரங்கள். எதற்கு என்றேன். "நிறத்தை விட மரம் நம்பகமானது" என்றார். குளோரியோசா தின்பது ஜூனிபர் இலையை. பேயரிக்கு ஓக். லெகாண்டீக்கு பைன். ஒரே பள்ளத்தாக்கில், ஒரே மாதத்தில், ஒரே துணியில் மூன்றும் வந்து விழுந்தாலும் அவை கிளம்பி வந்த மரங்கள் வேறு வேறு. ஓடைக்கரையில் ஓக்குக்கும் ஜூனிபருக்கும் குறைவில்லை. பைன் மேலே இருக்கிறது. அதனால் இந்த உயரத்துத் துணிக்கு லெகாண்டீ குறைவாகத்தான் வரும். மேலே ஏறி விளக்குப் போட்டால் கணக்கு மாறும். வண்டு வியாபாரிகள் வலைத்தளங்களில் ஊசி குத்திய கிரைசினாவைப் பளபளவென்று படம் போட்டு விற்கிறார்கள். எந்த மரத்தில் பிடித்தது என்று பெரும்பாலும் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் விலையில் பாதியைக் குறைக்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் தம்பி சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்தான். தியேட்டரில் 3டி படம் பார்க்கத் தருகிற மலிவு பிளாஸ்டிக் கண்ணாடி. "அண்ணா, இதைப் போட்டுக்கிட்டு ஒரு கண்ணை மூடிப் பாருங்க." ஒரு கண் வழியே குளோரியோசா பழைய பச்சை. அந்தக் கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்தேன். பச்சை அணைந்துவிட்டது. உள்ளங்கையில் ஓர் அழுக்குக் கறுப்பு வண்டு. மாற்றி மாற்றி மூடித் திறந்தேன். பச்சை, கறுப்பு, பச்சை, கறுப்பு. ஆசிரியைக்கு இது தெரிந்த வித்தைதான், ஆனாலும் கண்ணாடியை வாங்கி அவரும் ஒருமுறை பார்த்துச் சிரித்தார்.

பிளஸ்-டூ இயற்பியலில் தளவிளைவு என்று படித்திருப்போம். சாதாரண ஒளி எல்லாத் திசையிலும் அதிர்கிறது. சிலவகைப் பரப்புகளில் பட்டால் ஒரே தளத்தில் அதிரும். இந்த வண்டு அதையும் தாண்டி ஒன்று செய்கிறது. அதன் முதுகில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வு, திருகாணி சுழல்வதுபோல் சுழன்றுகொண்டே வருகிறது. அதுவும் இடப்பக்கமாக மட்டும். 3டி கண்ணாடியின் ஒரு வில்லை இடச்சுழல் ஒளியை விடும், மற்றது வலச்சுழல் ஒளியை விடும். வலச்சுழல் வில்லைக்கு இந்த வண்டின் பச்சை தெரிவதே இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர் பூச்சியியல்காரர் இல்லை. ஒளியின் வேகத்தை அளந்தவரும் 1907-இல் நோபல் வாங்கியவருமான ஆல்பர்ட் மைக்கேல்சன். அவர் 1911-இல் பறவைகள், பூச்சிகளின் உலோக நிறத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், ரெஸ்பிளண்டன்ஸ் என்ற மத்திய அமெரிக்கத் தங்க வண்டிலிருந்து வரும் ஒளி சுழல்கிறது என்று சொன்னார். அப்போது அது வேறு பேரினத்தில் இருந்தது. இப்போது அதுவும் கிரைசினாதான். மேலோட்டுக்குள் கண்ணுக்கெட்டாத திருகு அமைப்பு இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். எலக்ட்ரான் நுண்ணோக்கி வராத காலம் அது.

ஊகம் சரி. வண்டின் ஓடு கைட்டின் என்ற பொருளின் இழைகளால் ஆனது. இழைகள் ஒரு அடுக்கில் எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கும். கோரைப்பாய் ஒன்றை விரித்து, அதன் மேல் இன்னொன்றைச் சற்றுத் திருப்பிப் போட்டு, அதன் மேல் மற்றொன்றை இன்னும் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டே போனால் எப்படியோ, அப்படி அடுக்கு மேல் அடுக்காக இழையின் திசை திரும்பிக்கொண்டே போகிறது. எத்தனை உயரத்தில் ஒரு சுற்று முடிகிறது என்பதைப் பொறுத்து எந்த நிறம் திரும்பும் என்பது முடிவாகிறது. சாயம் ஒன்றும் இல்லை. அதனால்தான் அருங்காட்சியகப் பெட்டிகளில் நூறாண்டுக்கு முந்தைய வண்டும் நிறம் மங்காமல் கிடக்கிறது. நம் பொன்வண்டின் நிறமும் சாயமில்லை, அடுக்குகளின் வேலைதான். ஆனால் அங்கே அடுக்குகள் திருகிக்கொண்டு போவதில்லை. அந்த மேலோட்டை 3டி கண்ணாடியில் பார்த்தால் இந்த வித்தை நடக்காது.

2009-இல் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த விவேக் சர்மா, மோகன் சீனிவாசராவ் குழுவினர் குளோரியோசாவின் ஓட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். ஓட்டின் மேல் சுமார் 10 மைக்ரான் அகலத்தில் அறுகோணக் கட்டங்கள், நடுநடுவே ஐங்கோணமும் எழுகோணமும். முதுகு வளைகிற இடங்களில் அறுகோணம் குறைந்து மற்றவை கூடுகின்றன. தட்டையான ஓடுகளைக் கொண்டு வளைந்த கூரை வேய வேண்டியிருந்தால் எந்தக் கொத்தனாருக்கும் வருகிற அதே பிரச்சினை. அவர்கள் சொன்ன விளக்கம்: ஓடு உருவாகும்போது திரவப் படிகமாக இருந்து, தானாக இந்த வடிவத்தில் உறைகிறது. டிவி திரைக்குள் இருக்கிற அதே வகைப் பொருள். தம்பிக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை என்று காலையில் சொன்னான். எனக்கு அது வேறு காரணத்தால் வரவில்லை. துணிக்கு அடியில் விழுந்த வண்டுகளைப் பொறுக்க ஒரு ஸ்கங்க் வந்துவிட்டது. வாலைத் தூக்கினால் ஒரு வாரத்துக்குக் குளித்தாலும் நாற்றம் போகாத பிராணி. ஆசிரியை நகராமல் நிற்கச் சொன்னார். நின்றோம். அது ஹெர்குலிஸைத் தொடாமல், பழுப்பு வண்டுகளை மொறுமொறுவென்று தின்றுவிட்டுப் போனது.

பகலில் ஜூனிபர் மரத்தில் தேடினோம். முதலைத்தோல் ஜூனிபர் என்று ஒரு வகை. பட்டை சதுரம் சதுரமாக வெடித்திருப்பதால் அந்தப் பெயர். அதன் இலை, ஊசியுமில்லாமல் தகடுமில்லாமல், செதில் செதிலாகக் கோத்த சின்னக் கயிறு. வெளிர்ப்பச்சைக் கயிறுகளுக்கு நடுவே வெயில் வெள்ளைக் கீற்றாக இறங்குகிறது. கையில் வைத்துப் பார்த்தபோது இவ்வளவு ஆடம்பரமா என்று தோன்றிய வெள்ளிக் கோடு எதற்கு என்று அப்போது புரிந்தது. கோடு சுற்றிலும் இருப்பதை வாங்கித் திருப்பிக் காட்டுகிறது. பச்சை இலையாகிவிடுகிறது, வெள்ளி இலைகளுக்கு நடுவேயான இடைவெளியாகிவிடுகிறது, வண்டு காணாமல் போய்விடுகிறது. நாங்கள் தேடிய கிளையில் ஒன்று இருந்தது. தம்பி விரலால் சுட்டிக் காட்டிய பிறகும் எனக்குச் சற்று நேரம் தெரியவில்லை.

மதியம் மழை. கிரியோசோட் புதர்களின் மணம் பள்ளத்தாக்கின் வாயிலிருந்து ஏறி வந்தது. திரும்பும் வழியில் காலையில் காய்ந்து கிடந்த ஓடையில் செம்மண் தண்ணீர். ஒரு பிக்கப் டிரக் தயங்கி நின்றது. வெள்ளம் ஓடும்போது தடுப்பைத் தாண்டி வண்டியை விட்டு மாட்டிக்கொண்டால், மீட்கிற செலவை ஓட்டியவரே கட்ட வேண்டும் என்று அரிசோனாவில் 1995-லிருந்து சட்டம் இருக்கிறது. மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்'. தண்ணீர் வடியும்வரை எல்லாரும் சமர்த்தாகக் காத்திருந்தோம்.

நான்காவது வூடீ அரிசோனாவில் இல்லை. அதற்கு டெக்சாஸ் போக வேண்டும். ஒரு முழுப் பகல் கிழக்கே, எல் பாசோவைத் தாண்டி, டேவிஸ் மலைகள். அங்கேயும் மலையுச்சியில் ஒரு தொலைநோக்கி நிலையம், 1939-இல் திறந்த மெக்டொனால்ட். வண்டும் வானியல்காரரும் இடம் தேர்ந்தெடுப்பதில் ஒரே மாதிரி இருக்கிறார்கள். ஃபோர்ட் டேவிஸ் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர், இரவில் ஸ்வெட்டர் தேவைப்பட்டது. முகாமிட அனுமதி வாங்கி, ஆசிரியை சொல்லிக்கொடுத்தபடி நாங்களே துணி கட்டினோம். இங்கே குளோரியோசாவும் வரும், வூடீயும் வரும்.

வூடீ கோடில்லாத பச்சை. பேயரியோடு குழப்பிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. இரண்டும் வேறு வேறு மாநிலத்தில் இருப்பது நல்லதாயிற்று. கால்களைப் பார்த்தோம். தொடை பச்சை, அதற்குக் கீழேயும் பச்சை. பாதம் மட்டும், நகம் மாட்டியிருக்கிற கடைசிக் கணுக்கள் மட்டும், ஊதா. பேயரிக்கு முழுக்காலும் ஊதா, இதற்குப் பாதம் மட்டும். மரமும் வேறு: வால்நட்.

2010-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாரிஷ் பிரேடி, மாலி கம்மிங்ஸ் இருவரும் குளோரியோசாவையும் வூடீயையும் வைத்துத்தான் ஒரு சோதனை செய்தார்கள். சுழல் ஒளியையும் மற்ற ஒளியையும் காட்டி, வண்டு எப்படிப் பறக்கிறது என்று பார்த்தார்கள். குளோரியோசா இரண்டு ஒளியையும் வேறுபடுத்திப் பார்க்கிறது என்று முடிவு வந்தது. சுழல் ஒளியைக் குறைவாகவே திருப்பும் வூடீக்கு அந்த வேறுபாடு பொருட்டில்லை. குளோரியோசாக்கள் ஒன்றையொன்று இந்த ஒளியால் அடையாளம் காண்கின்றனவா? இருக்கலாம். ஆனால் ஹங்கேரிக் குழு ஒன்று 2012-இல் ஐரோப்பாவின் வேறு சில ஸ்காரப்களைச் சோதித்துப் பார்த்ததில், ஒளியைச் சுழற்றுகிற அந்த வண்டுகள் சுழல் ஒளியைச் சட்டையே செய்யவில்லை. இலைக்குள் ஒளிந்துகொள்ளக் கட்டிய ஓடு, உள்ளே திருகாக இருப்பதால் ஒளியும் திருகிக்கொண்டு வருகிறது, அதற்குமேல் அதில் செய்தி எதுவும் எழுதியில்லை என்று சொல்பவர்களின் பக்கம்தான் நான் சாய்கிறேன். தம்பி மறுபக்கம். எல் பாசோ வரும்வரை சண்டை போட்டோம்.

கிளம்புவதற்கு முன் காலையில் ஓடைப்பக்கத்து வால்நட் மரங்களைப் பார்த்தோம். கைக்கெட்டும் கிளைகளில் இலைகளின் ஓரம் கடிபட்டிருந்தது, நரம்பு மட்டும் மிச்சம். வண்டுகள் மேலே, உச்சிக் கிளைகளில். பைனாகுலர் வைத்துக் கழுத்து வலிக்கும்வரை தேடினோம். ஒன்றும் தட்டுப்படவில்லை. நோட்டில் இடம், தேதி, மரம் என்று எழுதிக்கொண்டு காரில் ஏறினோம்.